இடாப்பில் இல்லாத பெயர்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், மாத்தளை நகரைக் கடந்து ஏறக்குறைய இரண்டு மைல் சென்றால் அலுவிகாரை வரும். சாலையோரத்தே பெரும்பாறைகள், பாறைகளினிடையே குகைகள், குகைகளிலே விகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா என வழங்கும் வட்டகாமணி அபயன் காலத்தில், திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்றது இவ்விடத்தே என்பது வழிவழி வந்த செய்தி. அதற்கு முன் அது ஏட்டில் இல்லை. பிக்குகளின் நெஞ்சில் இருந்தது. பஞ்சமும் போரும் வந்தன. நெஞ்சிற் சுமந்தோர் மாண்டால் நூலும் உடன் மாளும் என அஞ்சிய பெரியோர், அதனை எழுதி வைத்தனர்.

அலுவிகாரையில் வாழும் எனக்கு, ஏடு என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் அந்தப் பாறையே நினைவுக்கு வரும். காக்க வேண்டியதைக் காப்பதற்குத் தோன்றியது ஏடு. ஒருவனை வெளியே நிறுத்துவதற்குத் தோன்றியதன்று. இதனை நன்கறிந்த நானே, ஓர் ஏட்டை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு பிள்ளையை வெளியே நிறுத்தினேன். சட்டம் என் பக்கம் இருந்தது. மனம் என் பக்கம் இல்லை. ஆதலின் இதனை எழுதுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது அது. பாடசாலைகளுக்கிடையிலான மெய்வல்லுநர் போட்டி. ஓடவும் பாயவும் எறியவும் அறியாத பண்டிதனுக்கு அத்தகைய நாளில் ஒதுக்கப்படும் வேலை ஒன்றுதான். மேசையில் இருந்து பத்திரங்களைச் சரிபார்க்க வேண்டும். பிறப்புச் சான்றிதழும், அதிபரின் உறுதிக் கடிதமும், வரவு இடாப்பும் தம்முள் ஒத்திருந்தால் பெயருக்கு எதிரே சரி அடையாளம். ஒவ்வாவிடின் பெயரின் மேலே ஒரு கோடு.

சிறிய பாடசாலை ஒன்றின் அஞ்சலோட்டக் குழு வந்தது. நால்வருள் மூவருடைய பத்திரங்கள் ஒழுங்காக இருந்தன. நான்காமவனிடம் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. வயதும் சரியாகவே இருந்தது. ஆயின் இடாப்பில் அவன் பெயர் இல்லை. விசாரித்தேன். அவன் ஓர் உபதேசியாரின் மகன். தந்தையார் தோட்டந்தோறும் சென்று ஊழியம் செய்பவர். தாயார் முன்னர் ஆசிரியையாக இருந்தவர். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் பிள்ளையைப் பாடசாலையினின்றும் நிறுத்தி, வேதபாடத்தோடு உயர்தரப் பாடங்களையும் வீட்டிலேயே கற்பித்து வந்தனர். மாலையில் அவன் அந்தப் பாடசாலைப் பிள்ளைகளோடு வெறுங்காலுடன் ஓடுவான். அவர்களுள் அவனே விரைவானவன். ஆள் குறைந்தபோது பயிற்றும் ஆசிரியர் அவனையும் அழைத்து வந்துவிட்டார்.

உபதேசியார் என்னிடம் வந்தார். வாதாடவில்லை. "பண்டிதர் ஐயா, பிள்ளை படிக்கிறான்; பாடசாலையில்தான் இல்லை," என்றார். "அது எனக்குத் தெரிகிறது, உபதேசியார். இந்த இடாப்புக்குத் தெரியாதே," என்றேன். சொல்லிவிட்டுக் கோட்டை இழுத்தேன். அந்தப் பாடசாலை அஞ்சலோட்டத்தில் ஓடவில்லை. மூவர் வேறு போட்டிகளில் ஓடினர். அவன் அம்மூவரின் செருப்புகளையும் கையிற் பிடித்துக்கொண்டு கயிற்றுக்கு அப்பால் நின்றான்.

நிற்க. இக்கதைக்குப் பின்னுரை ஒன்று உண்டு. சில மாதங்களின் பின் உயர்தரப் பரீட்சை நடந்தது. பரீட்சை மண்டபத்தில் நோக்குநராக இருந்தேன். தனிப்பட்ட பரீட்சார்த்திகளின் வரிசையில் அந்தப் பிள்ளை அமர்ந்திருந்தான். அனுமதி அட்டையை நீட்டினான். அடையாள அட்டையைக் காட்டினான். வரவுத் தாளில் அவன் பெயர் இருந்தது. சரி அடையாளம் இட்டேன். கோடு இழுத்த அதே கை. எந்தப் பாடசாலையில் படித்தாய் என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. நாட்டின் மிகக் கடினமான பரீட்சையை எழுத அவன் தகுதியுடையவன். ஆனால் நானூறு மீற்றர் தூரத்தின் கால்பங்கை ஓடத் தகுதியற்றவன்! இந்த முரண்பாட்டை எண்ணி எண்ணிப் பார்க்கிறேன்.

விதிகளை இகழ்வது என் கருத்தன்று. விளையாட்டுக்கு விதி ஏன் வந்தது என்பதை வரலாறே சொல்லும். கொழும்பில் றோயல் கல்லூரியும் சென் தோமஸ் கல்லூரியும் ஆண்டுதோறும் ஆடும் கிரிக்கெட் போட்டியை அறியாதார் இலர். அதன் முதல் ஆட்டம் 1879 ஆம் ஆண்டில் நடைபெற்றது. அப்பொழுது றோயல் கல்லூரியின் பெயர் கொழும்பு அக்கடமி. அவ்வாட்டத்தில் மாணவர்களோடு ஆசிரியர்களும் இறங்கி ஆடினர். மறு ஆண்டாகிய 1880 இல் மாணவர் மட்டுமே ஆடினர். அதனையே பாடசாலைகளின் முதல் ஆட்டமாக இன்று கணக்கிடுகின்றனர். பாடசாலை அணி என்றால் யார் யார் என்ற கேள்வி, இந்நாட்டில் பாடசாலைக் கிரிக்கெட் பிறந்த அன்றே உடன்பிறந்தது என்பது இதனால் விளங்கும்.

மாணவர் என்று வரையறுத்த பின்னும் தொல்லை தீரவில்லை. இருபது வயதுக் காளையைப் பதினாறு வயதுப் பையன் என்று கொண்டுவந்து நிறுத்துவோர் எங்கும் உளர். ஓட்டத்தில் வல்லவன் ஒருவன் வேறூரில் இருந்தால், போட்டிக்கு ஒரு மாதம் முன்பு அவனைத் தம் பாடசாலையிற் சேர்த்துக்கொண்டு, போட்டி முடிந்ததும் மறந்துவிடுவோரும் உளர். வகுப்பறையை எட்டிப் பாராமல் மைதானத்திலேயே காலங்கழிப்போனை மாணவன் என்று சொல்லிக்கொள்வோரும் உளர். இம்மூன்று களவுகளையும் தடுக்கவே வயதும், பதிவும், வரவும் கேட்கப்படுகின்றன. நேர்மையாக ஆடும் ஏழைப் பிள்ளைக்கு இவ்விதிகளே காவல். இவை வேண்டாம் என்பவன் அந்தப் பிள்ளைக்குப் பகைவன்.

ஆயின் விதி தேடுவது கள்வனை. அகப்பட்டவனோ கள்வனல்லன். அவன் வயதை மறைக்கவில்லை, ஊரை மாற்றவில்லை, படிப்பைக் கைவிடவில்லை. விதியின் மூன்று நோக்கங்களும் அவனிடத்தில் நிறைவேறியிருந்தன. குறைந்தது ஒன்று, அடையாளம் மட்டுமே. நோக்கம் நிறைவேறிய பின்னும் அடையாளம் இல்லை என்று தள்ளுவது முறையா என்பதே வினா.

வீட்டிலே கற்பது புதுமை என்று எண்ணுவோர்க்குப் பவணந்தி முனிவரை நினைவூட்ட விரும்புகிறேன். நன்னூற் பொதுப்பாயிரத்தில், நூல் கேட்பதற்குரியார் அறுவர் எனப்படுகின்றது. தன் மகன், ஆசிரியர் மகன், அரசன் மகன், பொருளை மிகக் கொடுப்பவன், வழிபடுபவன், சொன்னதை உடனே கொள்ளும் ஆற்றலுடையவன் என்பது அவ்வரிசை. முதலில் நிற்பவன் யார்? தன் மகன். பெற்றவரே கற்பிப்பது நம் மரபிலே முதற்படியாக இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? பின்னர்த் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் தழைத்தன. அதன் பின் மிஷனரிமார் வந்து, மணியும் இடாப்பும் மைதானமும் உடைய பாடசாலைகளை நிறுவினர்.

மைதானம் அவர்களது கொடை என்பதை மறுத்தற்கில்லை. இந்த நெடுஞ்சாலையின் வட கோடியில், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 ஆம் ஆண்டு முதல் ஆடிவரும் கிரிக்கெட் போட்டியை வடக்கின் பெருஞ்சமர் என்கின்றனர். இரண்டும் கிறித்தவ சபையார் நிறுவிய கல்லூரிகள். மைதானத்தைப் பாடசாலைக்குள் கொண்டுவந்தவர்கள் கிறித்தவர்கள். இன்று பாடசாலைக்கு வெளியே நின்று மைதானத்தைப் பார்க்கும் பிள்ளையும் ஒரு கிறித்தவப் பிள்ளை. காலத்தின் சுழற்சி இது.

இவ்வழக்கு நம்மூரில் ஒரு பிள்ளையின் வழக்கு. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ இது பல்லாயிரம் குடும்பங்களின் வழக்கு. அங்கே சமயப் பற்றுடைய கிறித்தவப் பெற்றோர் பலர், தம் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாது வீட்டிலே கற்பிக்கின்றனர். 1990 களின் தொடக்கத்தில் அந்நாட்டின் ஐம்பது மாநிலங்களிலும் அது சட்டத்துக்கு உடன்பாடாயிற்று. கணக்கையும் வேதத்தையும் வீட்டிலே கற்பிக்கலாம். உதைபந்தாட்டத்தை எப்படிக் கற்பிப்பது? தாயும் தந்தையும் சேர்ந்தாலும் பதினொருவர் ஆகார். பிள்ளைக்கு அணி வேண்டும். அணியோ பாடசாலையின் கையில் இருந்தது.

புளோரிடா மாநிலம் 1996 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தது. வீட்டிலே கற்கும் பிள்ளை தன் ஊர்ப் பாடசாலையின் அணியிற் சேர்ந்து ஆடலாம் என்பது அதன் சாரம். அச்சட்டத்தின் பயனை உலகுக்குக் காட்டியவர் டிம் டீபோ. கிறித்தவ ஊழியர்களாகிய பெற்றோருக்கு 1987 ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸில் பிறந்தவர், வீட்டிலே கற்றவர். தமக்கேற்ற அணி அடுத்த மாவட்டத்துப் பாடசாலையில் இருந்தமையால், அவ்வெல்லைக்குள் வசிக்க வேண்டுமென்ற விதியை நிறைவேற்றத் தாயோடு அங்கே ஒரு வீட்டிற் குடியேறினார். 2005 ஆம் ஆண்டில் அவரது அணி மாநில வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றது. பல்கலைக்கழகம் புகுந்தபின், 2007 ஆம் ஆண்டில், அமெரிக்கக் கால்பந்தில் மாணவர்க்குரிய தலையாய பரிசாகிய ஹைஸ்மன் விருதைப் பெற்றார். வீட்டிலே கற்றவர் ஒருவர் அதனைப் பெற்றது அதுவே முதன்முறை. அதன் பின் வேறு மாநிலங்களில் இத்தகைய சட்டங்கள் முன்மொழியப்பட்டபோது அவற்றுக்கு அவர் பெயரே வழங்கலாயிற்று.

எல்லாரும் உடன்பட்டனர் என்று எண்ணற்க. வேர்ஜீனியா மாநிலத்தில் சட்டசபை இத்தகைய மசோதாவை நிறைவேற்றியும், ஆளுநர் 2015, 2016, 2017 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அதனைத் தடுத்துவிட்டார். எதிர்த்தோர் கூறிய நியாயம் இலேசானதன்று. பாடசாலைப் பிள்ளை ஆடவேண்டுமானால் பாடங்களில் சித்தியடைய வேண்டும். டெக்சாஸ் மாநிலத்தில், சித்தியில்லையேல் ஆட்டமில்லை என்பது 1984 ஆம் ஆண்டு முதல் சட்டம். வீட்டிலே கற்பவனுக்குப் புள்ளியிடுபவர் அவனைப் பெற்ற தாய். எந்தத் தாய் தன் மகனுக்குச் சித்தியில்லை என்று எழுதுவாள்? ஒரே ஓட்டத்தில் இருவருக்கு இரு சட்டம் ஆகுமே என்றனர்.

இதற்கு விடை கண்டதும் அந்த டெக்சாஸ் மாநிலமே. 2021 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வீட்டிலே கற்கும் பிள்ளையைச் சேர்ப்பதா இல்லையா என்பதை அவ்வப் பகுதிப் பாடசாலை நிருவாகமே தீர்மானிக்கலாம். சேர்த்தால், தாயிட்ட புள்ளி செல்லாது. நாடு முழுவதும் ஒப்புக்கொண்ட பொதுத் தேர்வு ஒன்றில் அப்பிள்ளை தன் வகுப்புக்குரிய அறிவைக் காட்ட வேண்டும். இது செம்மையான வழியாகவே எனக்குப் படுகின்றது.

கதவு திறக்காத இடங்களில் அக்கிறித்தவக் குடும்பங்கள் தாமே அணிகளை அமைத்துக்கொண்டன. இங்கேதான் நாம் ஊன்றி நோக்க வேண்டும். அவ்வணிகளும் வாயிலில் ஒரு மேசை போட்டன! பிள்ளையின் வயது என்ன? கல்வியின் பெரும்பகுதி வீட்டிலேதான் நடக்கின்றதா? பாடசாலையில் இரண்டொரு பாடம் கற்பவன் வீட்டுப் பிள்ளையா, பாடசாலைப் பிள்ளையா? இவற்றோடு சில அணிகள், பெற்றோர் தம் விசுவாசத்தை எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்றும் கேட்கின்றன. வேறு சில, நல்லொழுக்கம் ஒன்றே போதும் என்கின்றன. பாடசாலையின் வாயிலில் நின்று வருந்தியவர்கள், தமக்கென ஒரு வாயில் அமைத்த அன்றே, அதன் முன்னும் ஒரு பிள்ளை வந்து நின்றது. வாயில் உள்ள இடமெல்லாம் வெளியே நிற்பார் உளர். ஆதலின் வாயிலை இடிப்பது விடையன்று. வாயில் காப்போன் எதைப் பார்க்க வேண்டும் என்பதே விடை.

செபத்தோடு தொடங்கும் அணி, செபத்தை மதித்து நிற்குமாறு தன் ஆட்டக்காரனைக் கேட்கலாம். நம்புமாறு கேட்க விளையாட்டுக்கு அதிகாரம் இல்லை என்பது என் துணிபு. அவ்வாறே சமய நெறி பற்றி விலகி நிற்பவனை இகழவும் விளையாட்டுக்கு அதிகாரம் இல்லை. 1924 ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், ஞாயிற்றுக்கிழமை ஓடேன் என்று நூறு மீற்றர் ஓட்டத்தைத் துறந்தார் எரிக் லிடல். நானூறு மீற்றரில் ஓடி, 47.6 செக்கனில் உலக சாதனையோடு பொற்பதக்கம் பெற்றார். அவர் மனச்சாட்சிக்கும் இடமிருந்தது, ஓடுவதற்கும் இடமிருந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே ஓர் எதிர்வாதம் உண்டு. அதை நானே எடுத்துரைக்கக் கடமைப்பட்டவன். ஏனெனில் மலையகப் பிள்ளைகளிடையே வாழ்நாளைக் கழித்தவன். 1945 ஆம் ஆண்டில் கன்னங்கராவின் முயற்சியால் இந்நாட்டில் இலவசக் கல்வி வந்தது. தோட்டத்து லயன்களுக்கு அந்த ஒளி வந்துசேர நெடுங்காலம் பிடித்தது. கொழுந்துக் கூடையும் பிள்ளை பார்க்கும் வேலையும் எத்தனையோ சிறுமியரின் படிப்பைத் தின்றன. 1997 ஆம் ஆண்டு விதிகளால் 5 முதல் 14 வயது வரையும், 2016 ஆம் ஆண்டு முதல் 16 வயது வரையும் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. இந்நிலையில், வீட்டிலே கற்கிறான் என்ற சொல்லுக்கு நாம் பெரிய கதவைத் திறந்துவிட்டால், கடையில் எடுபிடி வேலைக்கு அனுப்பப்படும் பிள்ளையும் வீட்டிலே கற்கும் பிள்ளை ஆகிவிடுவான். இடாப்பில் பெயர் இருந்தால், இன்று ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவராவது இருப்பார். எங்கள் பிள்ளைகளுக்கு இடாப்பு ஓர் அரண்.

இந்த வாதத்தின் வலிமையை நான் முற்றும் ஒப்புக்கொள்கிறேன். 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் இடம் பாடசாலையே. அங்கே விதியைத் தளர்த்தல் ஆகாது.

ஆயினும் இடாப்பைப் பற்றி மலையகத் தமிழனுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கான தோட்ட மக்களை நாடற்றவராக்கிற்று. இங்கே பிறந்தனர், இங்கே உழைத்தனர், இங்கேயே புதைக்கப்பட்டனர். எனினும் கேட்ட பத்திரம் கையில் இல்லை. 1964 ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. எஞ்சி நின்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003 ஆம் ஆண்டில். ஐம்பத்தைந்து ஆண்டுகள்! ஒருவன் கண்ணெதிரே நிற்கையில், ஏட்டில் இல்லை ஆதலின் நீ இல்லை என்று சொல்லும் கொடுமையை அனுபவித்த சமூகம் நம்முடையது. அச்சமூகத்தைச் சேர்ந்த ஒருவன் மேசையில் அமர்ந்தபோது தானும் அதே சொல்லைச் சொன்னான் என்பதே என் நெஞ்சை உறுத்துகின்றது.

ஓர் ஓட்டந்தானே, அதற்கு இத்தனை எழுத்தா எனச் சிலர் வினவலாம். மாத்தளையிலிருந்து கண்டி நோக்கித் தெற்கே செல்லும் வழியில் கட்டுகாஸ்தோட்டை உண்டு. அங்குள்ள புனித அந்தோனியார் கல்லூரியின் மைதானத்திலேதான் முத்தையா முரளிதரன் பந்து வீசினார். தோட்டத் தொழிலுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஒருவரின் பேரன். 1990 – 91 ஆம் ஆண்டுக்குரிய பாடசாலைக் கிரிக்கெட் பருவத்தில் சிறந்த வீரர் என்ற பரிசைப் பெற்றார். 2010 ஆம் ஆண்டில் காலியில் தமது கடைசி டெஸ்ட் ஆட்டத்தை ஆடியபோது அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 800. அவர் கத்தோலிக்கரல்லர், கத்தோலிக்கக் கல்லூரி அவரிடம் சமயம் கேட்கவில்லை. இந்நாட்டில் மலையடிவாரத்துப் பிள்ளை ஒருவன் உலகின் முன் செல்வதற்குப் பாடசாலை மைதானமே வாயில். கொழும்பில் கழகங்கள் உண்டு, பயிற்றுநர் உண்டு, பாடசாலையை விட்டாலும் வழி உண்டு. அலுவிகாரையின் அடிவாரத்தில் அந்தக் கயிற்றைத் தாண்டினால்தான் வழி. ஆதலின் கயிற்றுக்கு அப்பால் நிறுத்தப்பட்டவன் இழப்பது ஓர் ஓட்டத்தையன்று.

என் கருத்தைச் சுருங்கக் கூறுகின்றேன். 16 வயது கடந்து, தனிப்பட்ட பரீட்சார்த்தியாகப் படிக்கும் பிள்ளைக்குப் பாடசாலைப் போட்டியில் இடம் தரலாம். அதற்கு மூன்று சான்றுகள் கேட்போம். வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ். படிப்புக்குப் பரீட்சைத் திணைக்களத்தின் அனுமதி அட்டை. அது வருமுன், அருகிலுள்ள பாடசாலை தன் மாணவர்க்கு வைக்கும் தவணைப் பரீட்சையை அவனும் எழுதிச் சித்தியடையட்டும். ஊருக்குக் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று. ஓராண்டுக்குக் குறையாத வதிவு வேண்டும். அவன் தன் வீட்டுக்கு அண்மையிலுள்ள பாடசாலைக்கு மட்டுமே ஓடலாம். புகழ்பெற்ற கல்லூரியைத் தேடிப் போதல் ஆகாது. இவ்வாறு செய்தால் வயதுக் களவும், ஆள் களவும், படிப்புக் களவும் மூன்றும் தடைப்படும். நேர்மையானவனுக்கு மட்டும் வழி திறக்கும். இது சலுகையன்று; பரீட்சை மண்டபத்தில் அரசு ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட நியாயத்தை மைதானத்துக்கும் கொண்டுவருதலே.

தகுதி, தகுதி என்று பலமுறை எழுதிவிட்டேன். அச்சொல்லைப் பற்றி ஒன்று கூறாமல் முடித்தல் பண்டிதனுக்கு அழகன்று. இன்று நாம் தகுதி என்றால், போட்டியிடுவோனிடத்தில் இருக்க வேண்டிய ஒன்றையே கருதுகிறோம். திருவள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தின் முதற்குறளிலேயே அச்சொல்லை ஆள்கின்றார். பரிமேலழகர் அங்கே தகுதி என்பதற்கு நடுவுநிலைமை என்றே பொருள் உரைக்கின்றார். பகைவர், அயலார், நண்பர் என்னும் முத்திறத்தாரிடத்தும் தன் முறைமையை விடாது ஒழுகுதலே அது என்பது அவர் விளக்கம். அஃதாவது, தகுதி முதலில் இருக்க வேண்டியது ஓடுபவனிடம் அன்று, மேசையில் அமர்ந்திருப்பவனிடம்.

இந்தக் குறளை ஆண்டாண்டாக மாணவர்க்குப் பாடம் சொல்லியவன் நான். அன்று அந்த மேசையில், பிள்ளையின் தகுதியை ஆராய்ந்தேன். என் தகுதியை ஆராயவில்லை. அன்று நடப்பிலிருந்த விதியை மீறியிருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. விதியை மீறும் நடுவனும் நடுவன் அல்லன். ஆயினும் கோட்டை இழுத்த பின், இது குறையுடைய விதி என்று மேலிடத்துக்கு அன்றே ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. பரீட்சை மண்டபத்தில் அவனைக் கண்ட பின்னரே எழுதினேன். மேலே கூறிய மூன்று சான்றுகளையும் அதிற் குறித்திருந்தேன். இன்னும் பதில் வரவில்லை.

அந்தப் பிள்ளை உயர்தரத்திற் சித்தியடைந்தான் என்று உபதேசியார் சந்தையில் கண்டபோது சொன்னார். "இப்போதும் ஓடுகிறானா?" என்று கேட்டேன். "காலையில் விகாரைப் பாறை வரை ஓடிவிட்டு வருவான், ஐயா. நேரம் பார்ப்பதற்குத்தான் யாரும் இல்லை," என்றார். இருபது வயது கடந்துவிட்டான். பாடசாலைப் போட்டியில் இனி அவனுக்கு இடமில்லை. ஆயினும் அவனைப் போல் இன்னொருவன் வருவான். அவன் வருமுன் கடிதத்துக்குப் பதில் வரவேண்டும் என்பதே என் வேண்டுதல். மேசை வேலையை இவ்வாண்டும் என்னிடமே தந்திருக்கிறார்கள்.